மாப்பிள்ளை கொண்டு வந்த மணல்

நாளைக்குக் கல்யாணம் என்றால் இன்றைக்குப் பெண் என்ன செய்துகொண்டிருப்பாள்? மருதாணி காயட்டும் என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது வாயில் ஊட்டிவிடுவார்கள். தாழைமுனை பிலோமியோ காலையிலிருந்து நண்டுகளை முதுகில் தட்டித் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

கறி வைக்கிற நண்டு இல்லை, கண்ணுகளா. உள்ளங்கைக்குள் அடங்குகிற இயந்திரம். அதற்கு நீளமாக ஓர் அரசாங்கப் பெயர் உண்டு. அதை மூச்சு விடாமல் சொல்லி முடித்தவர் அந்தக் கரையில் யாரும் கிடையாது. பக்கவாட்டில் நடக்கிறதா, அதனால் நண்டு. வெயில்தான் அதற்குச் சாப்பாடு. மணலை ஒவ்வொரு மணியாக எடுத்து முகர்ந்து பார்க்கும். சாதாரண மணி என்றால் எடுத்த இடத்திலேயே போட்டுவிடும். கதிர் வீசுகிற மணி என்றால் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போய்ப் பீப்பாயில் கக்கிவிட்டு வரும்.

தாழைமுனையில் ஒரு காலத்தில் மணல் ஆலை இருந்தது. கடற்கரைக் கருமணலைக் காய்ச்சி, கரைத்து, வேண்டிய உலோகத்தை எடுத்துக்கொண்டு, வேண்டாததை மலையாகக் குவித்துவிட்டு ஒருநாள் மூடிக்கொண்டு போனார்கள். அந்தக் குப்பை மலையை மணி மணியாகப் பொறுக்கித் தீர்க்கலாம் என்று முதலில் சொன்னபோது ஊரே சிரித்தது. நாலே வருடத்தில் மலையைக் காணோம். அதற்கப்புறம் ஆறு வருடம் நண்டுகள் தரை மணலையும் சலித்தன. பீப்பாய்கள் சிமெண்ட் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ பாறைக் குடைவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

பிலோமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கதிர் வீசுகிறது என்று சொல்லி, அந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றி, உள்நாட்டில் செம்மண் காலனி ஒன்றில் இறக்கிவிட்டார்கள். கடலில் பிழைக்கிறவர்களுக்கு அலைச் சத்தம் கேட்காத வீடு! அவள் அம்மை பல ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "ஒரே அமைதியா கெடக்கு, எப்படி ஒறங்கது?" என்று கேட்பாள். பிலோமி படித்தாள், நண்டு மேய்க்கும் வேலையைக் கேட்டு வாங்கினாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஒரே பதில்தான்: "எங்க ஊரு மண்ணுல பந்தல் போட்டாத்தான் கலியாணம்." ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்துக்கு அந்தப் பக்கம், சிப்பிக்கரையில் வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கும் ததேயுஸ் மட்டும், "சரி, போடும்போ கூப்பிடு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

பந்தல் போட்டாயிற்று. இன்றைக்குக் கடைசி அளவு. இடம் தேறினால் ஊர் அவர்களுடையது. தேறாவிட்டால் மறுபடி வேலி. இன்னொரு தலைமுறை தாண்டித்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

அளக்க வந்த அதிகாரி பூரணி சிரித்த முகக்காரி. தோளில் பாட்டுப்பெட்டி தொங்கியது. கதிரைக் கண்டால் அந்தப் பெட்டி ராகம் இழுக்கும். கூடக் கூடக் குரலை உயர்த்தும். அவளும் பிலோமியும் மலை இருந்த திடல் முழுக்க நடந்தார்கள். பெட்டி வாய் திறக்கவில்லை.

"எங்க ஆபீஸ் வாசல்லகூட இதைவிடச் சத்தம் போடும்" என்றாள் பூரணி. "பேனாவை எடுத்துரட்டுமா? இல்ல, அந்தப் பந்தலையும் பாத்துட்டு வந்துரலாமா?"

"பாத்துருங்க மேடம். கல்யாணப் பந்தல், கொஞ்சம் அழகாத்தான் இருக்கும்" என்றாள் பிலோமி, வெட்கத்தோடு.

பந்தல் காலைத் தாண்டியதும் பெட்டி கத்தியது. பாட்டு இல்லை, ஒப்பாரி.

பிலோமி குனிந்து பார்த்தாள். நேற்று வரைக்கும் வெளுப்பாக இருந்த தரையில், பூசைப் பீடத்திலிருந்து வாசல் வரை, கருகருவென்று மணல் விரித்திருந்தது. வெயிலில் மீன் செதில் மாதிரி மினுங்கியது. அது யார் கொண்டு வந்த மணல் என்று அவள் பார்த்த கணமே கண்டுகொண்டாள்.

சிப்பிக்கரையில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் கரையிலிருந்து புதுமணல் கொண்டு வந்து பந்தலில் விரிக்க வேண்டும். தன் வீட்டுப் படியிலிருந்து இறங்குகிற பெண்ணின் கால், முதலில் புகுந்த வீட்டு மணலில் பட வேண்டும். ததேயுஸ் வழக்கத்தை விடுகிற ஆள் இல்லை. அதுவும் இருக்கிறதிலேயே கறுத்த மணலாகத் தேடி எடுத்திருக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிலோமி சிப்பிக்கரைக்குப் போகிறபோதெல்லாம் தன்னுடைய பாட்டுப்பெட்டியைப் பொழிமுகத்துக்கு இந்தப் பக்கமே ஒரு படகோட்டியிடம் கொடுத்து வைத்துவிட்டுத்தான் போவாள். அங்கே அளந்தால் என்ன வரும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். குடியிருக்கிற இடத்தில் பெட்டி கத்தினால் என்ன செய்வார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. லாரி வரும்.

"மேடம், இது... நண்டு விட்டுப்போன மணலா இருக்கும்" என்றாள்.

பூரணி அவளையே பார்த்தாள். "பத்து வருஷமா ஒரு மணி விடாத நண்டுங்க, பந்தலுக்கு அடியில மட்டும் ஒரு வண்டி மணலை விட்டுச்சா? பிலோமி, நீங்க சொன்னதை எழுதினா இடம் தேறாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

சொல்லி வாய் மூடவில்லை. தலையில் கடைசி ஓலைக் கடவத்து மணலோடு ததேயுஸ் பந்தலுக்குள் நுழைந்தான். பின்னாலேயே இடுப்பில் கை வைத்தபடி அவன் அக்கா செசிலி.

"எப்படி, கொள்ளாமா, நல்லாருக்கா?" என்றான் அவன், முகமெல்லாம் பல்லாக. "விடியக்காலம் வெள்ளாப்புல வள்ளத்துல அள்ளிக் கொண்டாந்தது. பெட்டியும் பாட்டுப் பாடி வரவேற்குதே!"

பிலோமி அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"எதுக்குட்டி மிதிக்க? கலியாணம் நாளைக்கித்தான், அதுக்குள்ள தொடங்கியாச்சா?"

"எந்தக் கரை மணல் இது?" என்று கேட்டாள் பூரணி.

"கடல் மணல்" என்றாள் பிலோமி அவசரமாக.

"எங்க சிப்பிக்கரை மணல் மேடம்!" என்றான் ததேயுஸ். "இம்புட்டு மினுக்கம் ஒங்க மெட்ராசுல உண்டா?"

பூரணி, கத்திக்கொண்டிருந்த பெட்டியின் தலையில் தட்டி நிறுத்தினாள்.

செசிலிக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்தது. "என்ன மேடம், கருமணல்ல கதிர் உண்டுன்னு எங்களுக்கும் தெரியும். கடவுள் போட்டது. அதுக்கு எதுக்கு மொகத்த இப்படி வச்சிருக்கிய?"

"கடவுள் போட்டது கொஞ்சம்ங்க. ஆலைக்காரங்க கழிவைக் கடல்ல விட்டாங்க. அலை அதைக் கரை பூரா பரத்திடுச்சு. எது கடவுள் கணக்கு, எது ஆலைக் கணக்குன்னு பிரிக்க வழியில்ல. ஆலை வர்றதுக்கு முன்னாடி இங்க எவ்வளவு இருந்ததுன்னு யாரும் அளந்து வைக்கல. அதனால அளவுகோலுக்குத் தூரத்துச் செம்மண்ணை அளந்தாங்க. அதுக்கு மேல போனா எல்லாமே கழிவு, ஆள் குடியிருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க."

"அப்பம் எங்க ஊரு?" என்றாள் செசிலி.

ததேயுஸின் தலையிலிருந்து கடவம் மெல்ல இறங்கியது.

"மேடம்," என்றாள் பிலோமி, "நான் சொன்னதையே எழுதுங்க. நண்டு விட்டுப்போச்சு. எங்க இடம் தேறல. நாங்க வேலிக்கு அந்தப் பக்கமே இருந்து பழகிட்டோம். அவியளுக்குப் பழக்கமில்ல."

"அவ சொல்லுதத எழுதாதிய மேடம்!" என்று பாய்ந்தான் ததேயுஸ். "பத்து வருசம் வெயில்ல கருகுனவ அவ. மணல் என் மணல், தப்பு என் தப்பு. எங்க ஊர எழுதுங்க."

"ஒங்க ஊர எழுதச் சொல்ல நீங்க யாரு? அங்க நீங்க ஒரு ஆள்தான் இருக்கியளா?" என்று திரும்பினாள் பிலோமி.

"எனக்க மணலப் பத்திப் பேச ஒனக்கு என்ன பாத்தியதை?"

"நாளைக்கு எனக்கும் அது ஊருதான்!"

"பாத்தியளா மேடம்," என்றாள் செசிலி, "தாலி ஏறல்ல. அதுக்குள்ள ஊரத் தூக்கிக் குடுக்கதுல போட்டி."

பூரணிக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. "கேட்டதைக் கேக்காத மாதிரி இருக்க எனக்கு உரிமை இல்ல. சிப்பிக்கரையை அளந்தே ஆகணும். வாங்க."

ததேயுஸின் வள்ளத்திலேயே பொழிமுகத்தைத் தாண்டினார்கள். முதன்முறையாக ஒரு பாட்டுப்பெட்டி அந்தப் பக்கம் போனது. பிலோமிக்கு அது மடியில் கல்லை வைத்த மாதிரி இருந்தது.

சிப்பிக்கரையில் இறங்கிய உடனே பெட்டி பாட ஆரம்பித்தது. மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "ஐஸ்காரன் வந்தாச்சு!" என்று பிள்ளைகள் சில்லறையோடு ஓடி வந்தார்கள். பூரணி நடக்க நடக்க, அவர்களும் பின்னாலேயே நடந்தார்கள். வலை காய்கிற இடம், கிணற்றடி, பள்ளிக்கூட முற்றம். எங்கே போனாலும் பாட்டு. ஒவ்வொரு இடத்திலும் பூரணியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் கோயில் சுவர் நிழலில் போய் உட்கார்ந்தாள். உச்சியில் சிலுவையோடு, உயரமாக, கனமாக, உப்புக்காற்று தின்ற பழைய கோயில் அது. செசிலி கட்டன்சாயா கொண்டு வந்து நீட்டினாள்.

"குடிங்க மேடம். குடியக் கெடுக்க வந்தவியதான். ஆனாலும் சாயாவக் குடிச்சிட்டுக் கெடுங்க."

பூரணி பெட்டியைத் தோளிலிருந்து கழற்றி, பக்கத்தில் சுவரோடு சேர்த்துச் சாத்தி வைத்தாள். டம்ளரை வாயருகே கொண்டுபோனவள், அப்படியே நிறுத்தினாள்.

பெட்டி குரலை உயர்த்தியிருந்தது.

டம்ளரைக் கீழே வைத்தாள். பெட்டியைத் தூக்கினாள். தரை மணலிலிருந்து விலக்கி, தலைக்கு மேலே, சுவரை ஒட்டிப் பிடித்தாள். பாட்டு. சுவரை விட்டு நகர்த்தினாள். குறைந்தது. மறுபடி ஒட்டினாள். பாட்டு.

பிலோமி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். உதிர்ந்த பூச்சை விரலால் சுரண்டினாள். சுண்ணாம்பு வெள்ளைக்கு நடுவே கறுப்பு மணிகள் எள் மாதிரி தெரிந்தன.

"இந்தக் கோயில் எப்பக் கட்டினதுங்க?" பூரணியின் குரல் தாழ்ந்திருந்தது.

"அது ஆருக்குத் தெரியும்?" என்றாள் செசிலி. "எங்க பூட்டனுக்கும் பூட்டன் காலம். இந்தக் கரை மணலும் சுண்ணாம்பும் கருப்பட்டித் தண்ணியும் சேத்துக் கொழச்சதுன்னு சொல்லுவாவ."

"ஆலை வர்றதுக்கு முன்னாடியா?"

"ஆலையா? வெள்ளக்காரனே அப்பம்தான் வந்து வழி கேட்டுட்டு நின்னான்!"

பூரணி பிலோமியைப் பார்த்தாள். பிலோமி பூரணியைப் பார்த்தாள்.

"பாதி சுண்ணாம்பு..." என்றாள் பூரணி.

"பாதி மணல்தான் மேடம்" என்றாள் பிலோமி. "பாதி மணலுக்கே இந்தச் சத்தம்னா..."

"அன்னிக்கு இந்தக் கரை இப்ப இருக்கிறதைவிடக் குறைவா பாடியிருக்க வழியே இல்ல. ஆலை இந்தப் பக்கம் ஒண்ணும் கலக்கல. எல்லாரும் தேடினாங்க, ஆலைக்கு முந்தின மணல் ஒரு பிடி கிடைக்குமான்னு. இங்க ஒரு கோயிலே நிக்குது!"

சுற்றி நின்ற பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். ததேயுஸுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்பம் லாரி வராதா?" என்று கேட்டான்.

"வராது. இது நல்லதுன்னு நான் சொல்லல, கெட்டதுன்னும் சொல்லல. டாக்டருங்க வந்து பாத்துக்கிட்டே இருக்கட்டும், அதையும் எழுதுவேன். ஆனா இது யாரோ கொட்டிட்டுப் போன குப்பை இல்ல. கழிவு இல்லாததுக்காக ஆளைத் தூக்கச் சட்டத்துல இடமில்ல. பந்தல்ல கெடக்கிற மணலும் கழிவு இல்ல. உங்க இடம் தேறியாச்சு பிலோமி."

பிலோமி சிரித்தாள். சிரிப்பு பாதியிலே நின்றது. அவள் மனசு வேறு எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது.

"மேடம், அப்படின்னா எங்க திடல்... இந்தச் சுவர் அளவுக்கு அது எப்பமோ இறங்கியாச்சே."

பூரணி தரையைப் பார்த்தாள். "ஆமா. ஆறு வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் நீங்க சுத்தம் செஞ்சதெல்லாம் ஆலை போட்டது இல்ல, கடவுள் போட்டது. அன்னிக்கே நீங்க ஊர் திரும்பியிருக்கலாம்."

ஆறு வருடம். பிலோமியின் அம்மை போய் இரண்டு வருடம்தான் ஆகிறது. காலனி வீட்டு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி, காதைச் சாய்த்து, கேட்காத கடலைக் கேட்டுக்கொண்டே போன மனுஷி. பிலோமி சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். ததேயுஸ் பக்கத்தில் போய், தொடாமல், தன் நிழல் அவள்மேல் விழுகிற மாதிரி வெயிலை மறைத்துக்கொண்டு நின்றான்.

செசிலிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அந்தச் செம்மண்ண அளந்தவன் மட்டும் எனக்க கையில கெடைக்கட்டும். ஆறு வருசத்துக்கு முந்தியே கலியாணம் நடந்திருக்கும். எனக்க தம்பி மண்டையில முடியும் இருந்திருக்கும்."

ததேயுஸ் தன்னையறியாமல் தலையைத் தடவினான். அழுதுகொண்டிருந்த பிலோமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு சாயா ஆறிப்போனதற்காகச் செசிலி எல்லோரையும் திட்டி, புதுசாகப் போட்டுக் கொண்டுவந்தாள்.

மறுநாள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? பந்தலுக்குள்ளேயே பீடம் போட்டுப் பூசை. பூரணியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காலனியிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். எத்தனையோ வருடம் கழித்துத் தங்கள் ஊரில் கால் வைக்கிறார்கள். பிலோமி மாலையும் கழுத்துமாக வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்க்கத்தானே பத்து வருடம்!

அவர்களோ தயங்கித் தயங்கி நடந்தார்கள். நண்டுகள் சலித்துச் சலித்து வெளுத்த மணல், கழுவிக் காயப்போட்ட அரிசி மாதிரி கிடந்தது. ஆஸ்பத்திரித் தரையில் நடக்கிற மாதிரி, சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் போல வந்தார்கள். "நல்லாத்தான் இருக்கு, ரொம்பச் சுத்தம்" என்று ஒருவருக்கொருவர் மரியாதையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பந்தல் காலைத் தாண்டினார்கள். காலடியில் கருமணல். முதலில் வந்த அம்மாள் அப்படியே நின்றாள். செருப்பைக் கழற்றினாள். பாதத்தை மணலுக்குள் புதைத்தாள். பின்னால் வந்தவர்கள் என்னவென்று கேட்கவே இல்லை. ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். யாரோ ஒருத்தி ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, பூசை நடக்கிறது என்பதையும் மறந்து உரக்கச் சொன்னாள்: "எட்டீ, இதுதாம்ட்டி நம்ம மண்ணு!"

பூசை வைத்த சாமியார்கூட ஜெபத்தை ஒரு வினாடி நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தார். அப்புறம் திடலில் எவ்வளவு இடம் இருந்தாலும், ஒருவரும் அந்தக் கறுப்புத் துண்டை விட்டு வெளியே போய்ச் சாப்பிட உட்காரவில்லை. இடித்துக்கொண்டு, நெருக்கிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள்.

பிலோமி இலையில் கை வைக்காமல் அவர்களையே பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் சாய்ந்தாள்.

"வள்ளத்துல எஞ்சின் சரியா இருக்கா?"

"இருக்கு. எதுக்கு? எங்கயாவது ஊரு சுத்திப் பாக்கப் போவோமா?"

"போவோம். ஒங்க ஊருக்கு. மணல் அள்ள."

ததேயுஸ் வாயில் வைத்த பப்படத்தோடு அவளைப் பார்த்தான். "ஏண்டி, பத்து வருசம் பொறுக்கி எடுத்தவளே!"

எதிர்ப் பந்தியில் இருந்த பூரணிக்கு இது காதில் விழுந்தது. அவள் நிமிராமலே சொன்னாள்: "இது இப்ப உங்க ஊர். உங்க ஊர்ல நீங்க மணல் விரிச்சா நான் யாரு கேக்க? கோயில் சுவர் பாடுறதைவிடச் சத்தம் கூடாம பாத்துக்குங்க. நண்டுகளை ஏத்திட்டுப் போற லாரி அடுத்த மாசம்தான் வரும். நானும் அவசரப்படுத்தல."

அடுத்த நாள் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் முழங்கால் வரை மணலோடு இரண்டு நடை அடித்துவிட்டார்கள். கையால் விரித்தால் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் குறையும். மணி மணியாக, அளவோடு பரத்த நண்டுகளால்தான் முடியும். பிலோமி நண்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, அவற்றின் மூளையில் இருந்த ஒரே ஒரு கட்டளையைத் திருப்பி எழுதினாள். எடு என்று இருந்ததை வை என்று மாற்றினாள். கதவைத் திறந்துவிட்டாள்.

முதல் நண்டு வெயிலுக்கு வந்தது. குவியலிலிருந்து ஒரு கறுப்பு மணியை எடுத்தது, வெள்ளைத் திடலின் நடுவுக்குப் போயிற்று. போய் நின்றது. பத்து வருடம் பொறுக்கியே பழகிய கொடுக்கு விரிய மாட்டேன் என்றது. ததேயுஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். செசிலி, "வையேன், சவமே" என்று முணுமுணுத்தாள்.

அது மெதுவாக, மிக மெதுவாக, மணியைக் கீழே வைத்தது. வைத்துவிட்டு ஓரடி விலகி, யாராவது திட்டுகிறார்களா என்று பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றது. யாரும் திட்டவில்லை. அடுத்த மணியை எடுக்க ஓடியது.